பிளே வித் டாக்கர்

பிளே வித் டாக்கர் என்பது மென்பொருள் கொள்கலன்களை இணைய உலாவியிலேயே இயக்கிப் பழகுவதற்கான திறமூலப் பயிற்சிக்களம் ஆகும். மார்கோஸ் லில்லியெடால், ஜோனதன் லெய்பியுஸ்கி ஆகியோர் இதை உருவாக்கினர். கற்பவர் தம் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. உலாவியில் திறக்கும் லினக்ஸ் முனையத்தில் கட்டளைகளைத் தட்டச்சு செய்தால் போதும். நினைவகம் குறைந்த பழைய கணினி வைத்திருக்கும் மாணவருக்கும் இது பயன்படும்.

பெயர்க் காரணம்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் கண்டெய்னர் என்றால் துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளில் ஏற்றப்பட்ட இரும்புப் பெட்டி. அமெரிக்கரான மால்கம் மெக்லீன் 1956 ஏப்ரலில் 58 பெட்டிகளைக் கப்பலில் அனுப்பியதிலிருந்து இம்முறை பரவியது. சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் 1983 இல் தொடங்கியது. பெட்டிக்குள் தோல் பொருளா, வாகன உதிரிபாகமா என்பது பளுதூக்கிக்குத் தேவையில்லை. 20 அடி, 40 அடி என்ற அளவும் மூலைப் பிடிப்புகளும் ஒரே சீராக இருந்தால் கப்பல், லாரி, ரயில் மூன்றிலும் பெட்டியைத் திறக்காமலே ஏற்றலாம்.

மென்பொருளிலும் இதே கருத்துதான். நிரல், அதற்குத் தேவையான நூலகங்கள், அமைப்புகள் எல்லாம் ஒரே படிமமாகக் கட்டப்படுகின்றன. அப்படிமம் இயங்கும்போது அது கொள்கலன் எனப்படும். 2013 இல் டாட்கிளவுட் நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்திய டாக்கர் இம்முறையைப் பரவலாக்கியது.

ஒப்புமையின் எல்லை

இரும்புப் பெட்டிக்கு நான்கு புறமும் சுவர் உண்டு. மென்பொருள் கொள்கலனுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஒரு கணினியில் உள்ள எல்லாக் கொள்கலன்களும் ஒரே கருனியை, அதாவது கெர்னலைப் பகிர்கின்றன. ஒவ்வொன்றும் எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் வசதியும், எவ்வளவு நினைவகமும் செயலித் திறனும் பெறலாம் என்பதை சிகுரூப் வசதியும் வரையறுக்கின்றன. தனிக் கருனி கொண்ட மெய்நிகர் கணினியைவிடக் கொள்கலன் விரைவாகத் தொடங்குவதற்கும், அதன் பாதுகாப்பு வலுக்குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

செயல்படும் விதம்

மாணவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு கணினியும் உண்மையில் ஒரு கொள்கலன். அதற்குள் இன்னொரு டாக்கர் இயங்குகிறது. ஓர் அமர்வில் 5 கணினிகள் வரை சேர்க்கலாம். 4 மணி நேரத்துக்குப் பின் அமர்வு முழுவதும் அழிக்கப்படும். எனவே தவறான கட்டளை கொடுத்தாலும் மாணவரின் சொந்தக் கணினிக்குப் பாதிப்பில்லை.

அமைக்கும் முறை

1. லினக்ஸ் கணினி ஒன்றில் கிட், டாக்கர், டாக்கர் கம்போஸ் ஆகியவற்றை நிறுவ வேண்டும்.
2. கிட்ஹப் தளத்திலிருந்து பயிற்சிக்களத்தின் மூல நிரலைப் படியெடுக்க வேண்டும்.
3. டாக்கரை ஸ்வார்ம் நிலைக்கு மாற்ற வேண்டும். அமர்வுகளுக்குரிய வலையமைப்பு இதைச் சார்ந்தது.
4. மாணவர் கணினியாக இயங்கும் பிரானெலா டிண்ட் படிமத்தைப் பதிவிறக்க வேண்டும்.
5. கம்போஸ் கட்டளையால் களத்தைத் தொடங்கி, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியைத் திறந்து, புதிய கணினியைச் சேர்க்க வேண்டும்.

முதல் பயிற்சியாக என்ஜின்எக்ஸ் வலைவழங்கியை இயக்கி, அதன் 80 ஆம் எண் வாயிலை வெளிப்படுத்தலாம். பிறகு கொள்கலனுக்குள் ஒரு கோப்பை எழுதி, கொள்கலனை நீக்கிவிட்டு மீண்டும் உருவாக்கினால் கோப்பு காணாமல் போயிருக்கும். தரவைக் காக்க வால்யூம் ஏன் தேவை என்பது இதில் விளங்கும்.

பாதுகாப்பு

கொள்கலனுக்குள் டாக்கரை இயக்க, அதற்குக் கூடுதல் அதிகாரம் தர வேண்டியுள்ளது. இதைப் பயன்படுத்திக் கொள்கலனிலிருந்து தப்பி, தாய்க் கணினியில் நிரலை இயக்க முடிந்ததை சைபர்ஆர்க் ஆய்வாளர்கள் 2019 ஜனவரியில் வெளியிட்டனர். பகிரப்பட்ட கருனியே அதற்கு வழியானது. அந்தக் குறைபாடு சரிசெய்யப்பட்டது.

ஆகவே கல்லூரி ஆய்வகத்தில் இதை அமைப்போர் மதிப்பெண் பட்டியலோ மாணவர் விவரமோ உள்ள கணினியைப் பயன்படுத்தக் கூடாது. தனியான மெய்நிகர் கணினியில் அமைத்து, உள் வலையமைப்புக்குள் மட்டும் திறந்துவைப்பது நல்லது. மாணவர்கள் தம் உண்மையான கடவுச்சொற்களை அங்கே தட்டச்சு செய்யக் கூடாது.

சொந்தக் களத்தின் பயன்

இதே போன்ற கட்டகோடா என்னும் களத்தை ஓரைலி நிறுவனம் 2019 இல் வாங்கியது. 2022 இல் அது பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அதை நம்பிப் பாடம் அமைத்த ஆசிரியர்கள் வேறு களம் தேட வேண்டியிருந்தது. மூல நிரல் கையில் இருந்தால், பொதுச் சேவை நின்றாலும் வகுப்பு தடைபடாது.