விசைத்தெளிப்பானுக்குப் பெட்ரோலும் ஆயிலும் கலக்கும் முறை

பருத்திக்கு மருந்து அடித்துக்கொண்டிருக்கும்போது முதுகிலுள்ள விசைத்தெளிப்பான் திடீரெனச் சத்தம் மாறி நின்றுவிடுகிறது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. உள்ளே பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் பக்கங்களில் நீளமான கீறல்கள் தெரியும். பிஸ்டன், ரிங், சில சமயம் சிலிண்டரையுங்கூட மாற்ற நேரிடும். அதுவும் பூச்சி பெருகி நிற்கும் வாரத்தில்! பெட்ரோலில் ஆயில் குறைந்துபோவதே இதற்கு முக்கியக் காரணமாகும்.

டிராக்டரிலும் டீசல் பம்பு செட்டிலும் ஆயில் என்ஜினின் அடியில் தேங்கி நிற்கும். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் அவ்வித ஏற்பாடு கிடையாது. பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகச் சென்ற பிறகே சிலிண்டருக்குள் நுழைகின்றன. பெட்ரோலுடன் கலந்து வரும் ஆயில்தான் பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் வழவழப்பைத் தருகிறது. புல்வெட்டும் கருவி, மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் ஆகியவற்றில் பலவும் இந்த வகையே.

1980ல் டி.வி.எஸ். 50 வந்த காலத்திலும் அதற்குப் பின்னரும் பெட்ரோல் பங்க்கிலேயே ஆயிலை அளந்து கலந்து கொடுத்தார்கள். டூ-ஸ்ட்ரோக் மொபெட்டுகள் மறைந்த பிறகு அந்த வேலை விவசாயியின் கைக்கு வந்துவிட்டது. கூடவே ‘ஒரு மூடி ஆயில்’ என்ற கணக்கும் வந்து சேர்ந்தது. எந்த மூடி, எத்தனை லிட்டருக்கு என்று கேட்டால் பதில் இல்லை.

கருவியின் கையேட்டிலோ டேங்க் மூடியிலோ அளவு குறிக்கப்பட்டிருக்கும். 1:25 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. ஆயில், 1:40 என்றால் 25 மி.லி.; 1:50 என்றால் 20 மி.லி. சில கம்பெனிகள் தங்கள் ஆயிலுக்கு 1:50 என்றும், மற்ற ஆயிலுக்கு 1:25 என்றும் கூறுகின்றன. புதிய கருவிக்கு முதல் சில மணி நேரம் ஆயிலைச் சற்றுக் கூட்டும்படி சொல்வதும் உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மி.லி. ஊசிக்குழல் ஒன்று இருந்தால் அளவு பிசகாது. பூச்சி மருந்து மூடியால் அளக்கக் கூடாது.

‘ஆயில் கூடினால் நல்லதுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. அளவு மீறினால் புகை கக்கும்; ஸ்பார்க் பிளக் கறுத்து நனைந்து போகும்; சைலன்சரில் கரி அடைத்துச் சக்தி குறையும். இருந்தாலும் இவற்றைச் சுத்தம் செய்து சரிப்படுத்தலாம். ஆயில் குறைவால் வரும் சேதத்தை அப்படிச் சரிப்படுத்த முடியாது.

டூ-ஸ்ட்ரோக்குக்கென்றே விற்கும் டூ-டி ஆயிலையே வாங்க வேண்டும். டிராக்டர் ஆயில், கியர் ஆயில், வடித்தெடுத்த பழைய ஆயில் எதுவும் ஆகாது. அவை சரியாக எரியாமல் உள்ளே படிந்துவிடும்.

டேங்கில் பெட்ரோலை நிரப்பிவிட்டு மேலே ஆயிலை ஊற்றுவது பெரும் தவறு. ஆயில் கனமானது, அடியில் இறங்கி நேரே கார்புரேட்டருக்குப் போகும். முதலில் புகையும் தடுமாற்றமும், பிறகு வெறும் பெட்ரோல். பெட்ரோலுக்கென்றே உள்ள சுத்தமான கேனில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, அளந்த ஆயில் முழுவதையும் சேர்த்து, மூடி நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடியும் குலுக்கி, வடிகட்டி வைத்த புனல் மூலம் டேங்கில் ஊற்றலாம். என்ஜின் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. தண்ணீர் பாட்டிலில் கலந்து வைத்தால் தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிட நேரும்.

தேவையான அளவு மட்டும் கலப்பது நல்லது. இப்போது பெட்ரோலில் எத்தனால் சேர்த்து விற்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் மிகுந்தால் அது எத்தனாலுடன் பிரிந்து அடியில் தங்கும்; ஆயிலோ மேலே பெட்ரோலுடன் நின்றுவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் என்ஜினுக்கு வழவழப்புக் கிடைக்காது. ஒரு மாதத்திற்கு மேல் நின்ற கலவையை ஊற்றாமலிருப்பதே மேல்.

வாங்கும்போதே கருவி எந்த வகை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போது ஃபோர்-ஸ்ட்ரோக் தெளிப்பான்களும் வருகின்றன. அவற்றில் ஆயிலுக்குத் தனி மூடி இருக்கும். அங்கே ஆயிலும், டேங்கில் வெறும் பெட்ரோலுமே ஊற்ற வேண்டும்.

தெளிப்பு முடிந்து கருவியைப் பல நாள் வைக்கப் போவதானால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிஞ்சியது தீர்ந்து தானாக நிற்கும் வரை என்ஜினை ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் கலவை காய்ந்து பிசினாகி ஜெட் துளையை அடைத்துவிடும்.