நீர்த்தொட்டியும் ஒட்டுப்பசையும்

மரக்கலங்களின் பலகை இடுக்குகளைக் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுக்கினால் அடைத்தல் தமிழர் வாழ் கடற்கரைகளில் நெடுங்காலம் வழங்கிய முறையாகும். அம்மெழுக்கின் கடமை நீரைப் புறத்தே நிறுத்துதல். அதிலிருந்து சிறிது கரைந்து கலந்தாலும், கடலின் பரப்பிலே அது ஒரு பொருட்டன்று. தொட்டியின் இணைப்பிலே இடும் பசைக்கோ கடமை வேறு. அது நீரை அகத்தே நிறுத்துகின்றது. அந்நீருள் உயிர்கள் வாழ்கின்றன. ஆகவே, பசை உறுதியானதா என்பதனோடு, உயிர்க்கு ஊறு செய்யாததா என்பதும் ஆராயற்பாலது.

புத்தளம் மாவட்டக் கடற்கரையில் இது வெறும் பொழுதுபோக்குக்குரிய ஆராய்ச்சியன்று. சிலாபம் முதல் புத்தளக் களப்பு வரையுள்ள பகுதியில் இறால் வளர்ப்பு 1980களிற் பெருகிற்று. 1996 ஆம் ஆண்டிற் பரவிய வெண்புள்ளி நோய் பண்ணைகள் பலவற்றை வறிதாக்கியது. அந்நோய் வைரசினால் வருவது, பசையினால் வருவதன்று. ஆயினும், இத்தொழிலின் தொடக்கம் பொரிப்பகத் தொட்டியே. அங்கே இறாற் குடம்பிகள் நாப்பிளியசு, சோயியா, மைசிசு என்னும் பருவங்களைச் சிறிதளவு நீரிலேயே கடக்கின்றன. அந்நீரிற் கலக்கும் நஞ்சு மிகச் சிறிதாயினும் ஒரு குடும்பத்தின் முதல் அழியக்கூடும்.

கண்ணாடித் தொட்டிகளை இணைப்பதற்கு உகந்தது சிலிக்கோன் பசை. இது காற்றின் ஈரலிப்பை ஏற்று இறுகும்போது, பெரும்பாலும் அசற்றிக்கமிலத்தை வெளிவிடும். வினாகிரி மணம் எழுவது அதனாலேயே. மேற்பரப்பு சில நிமிடங்களிற் தோல் போர்த்தினும், உட்புறம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீற்றர் அளவே இறுகும். எனவே தடித்த பூச்சினை ஒரு வாரம் விட்டுவைத்தல் நலம். குளியலறைக்கென விற்கப்படும் சிலிக்கோனிற் பூஞ்சணக்கொல்லி சேர்ந்திருத்தல் உண்டு. அது தொட்டிக்கு ஆகாது. புதிய சிலிக்கோன் பழையதன்மேல் நன்கு பற்றாது. ஆதலாற் பழையதை முற்றாக அரிந்தெடுத்தல் வேண்டும். உப்பளங்கள் நிறைந்த இக்கரையில் மற்றொரு தடையும் உண்டு. கடனீர் உலர்ந்த பரப்பிற் படியும் மெல்லிய உப்புப்படலம் எப்பசையையும் பற்றவிடாது. நன்னீராற் கழுவி, உலர்த்தி, மதுசாரத்தால் துடைத்த பின்னரே பூசுதல் தகும்.

எப்பொட்சிப் பசை, பிசினும் வன்மையாக்கியும் கூடி இறுகுவது. அளவு பிழைத்தால் வினைபுரியாத எஞ்சிய பகுதி நீரிற் கசியும். தோலிற் பட்டால் ஒவ்வாமையும் உண்டாகும். ஆதலின் அளவறிந்து கலத்தலும் கையுறை அணிதலும் இன்றியமையாதன. பீ.வி.சி. குழாய்களுக்குரிய பசை, கரைப்பானால் இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்குவது. அதன் ஆவி தீப்பற்றும். அடைத்த அறையிற் சுவாசித்தல் தீது. ஒட்டிய குழாய்கள் காய்ந்தபின் அவற்றினூடே நீரைச் செலுத்தி, அந்நீரை வெளியேற்றிய பின்னரே தொட்டியுடன் பொருத்துக. பித்தளைத் துண்டினாற் பழுது பார்த்தல் ஆகாது. இறாலின் குருதியிற் செம்பு இயல்பாக இருப்பினும், நீரில் மிகும் செம்பு அதற்கு நஞ்சாகும்.

எல்லாப் பழுதும் பசையால் தீர்வனவுமல்ல. பொலித்தீன் பொருளிற் சாதாரண பசை நில்லாது; வெப்பத்தால் இணைத்தலே வழி. கண்ணாடி வெடித்த மின்வெப்பமாக்கியை ஒட்டிப் பயன்படுத்தல் உயிர்க்கேடு. அதனை எறிந்துவிடுதலே அறிவுடைமை. மின்பம்பியைத் தொடுமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும்.

பழுது பார்த்த கருவியை வாளியிலுள்ள கடனீரில் ஊறவிட்டு, அந்நீரை இரண்டொரு முறை மாற்றி, பின்னர்ச் சில குடம்பிகளை அதில் விட்டு ஒரு நாள் நோக்குதல் எளிய சோதனை. அவை வழமைபோல் நீந்தி உணவு கொண்டாற் கருவியைத் தொட்டியில் இடலாம். சோர்ந்து அடியிற் படிந்தால் மீண்டும் ஊறவிடுக.

மேற்கூறிய பசைகளில், தொட்டிக்கென உரியவை முற்ற இறுகியபின் பெரும்பாலும் தீங்கற்றவை. தீங்கு இருப்பது இறுகாத நிலையிலும், வேண்டாத சேர்க்கையிலுமேயாம். ஒழுகும் தொட்டியை இன்றே நிரப்பிவிட வேண்டுமென்னும் அவசரம், சில நாள் வேலையை மிச்சப்படுத்தி ஒரு பருவத்தின் விளைவைப் பறிக்கவல்லது. பசைக்கு வேண்டிய காலத்தைப் பசைக்குக் கொடுத்தலே இங்குப் பாதுகாப்பின் பெரும்பகுதி என்க.