பெயர் மறக்கும், முகம் மறக்காது

பழைய பள்ளி நண்பர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள். யாரோ பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவைப் போடுகிறார்கள். இரண்டாம் வரிசையில் ரெட்டைச் சடையோடு நிற்பவளின் பெயர் வாயில் வர மறுக்கிறது. முகம் மட்டும் நேற்றுப் பார்த்ததுபோல் இருக்கிறது.

இதை 1975-இல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக்கும் குழுவினரும் அளந்து பார்த்தார்கள். 17 முதல் 74 வயது வரையிலான 392 பேர் கலந்துகொண்டார்கள். அவரவர் பள்ளி ஆண்டுமலரிலிருந்து ஒரு முகம், கூடவே முன்பின் தெரியாத நான்கு முகங்கள். உங்களோடு படித்தவர் யார்? பள்ளியை விட்டு 35 ஆண்டுகள் ஆனவர்களும் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொன்னார்கள். பெயர்களை நினைவிலிருந்து எழுதச் சொன்னபோதுதான் திணறினார்கள்.

நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்டவையே அளவுக்கு மீறி வந்து குவியும். எல்லாமே முதல்முறையாக நடந்த வயது அது. நாம் யாரென்று நமக்கே பிடிபடத் தொடங்கிய வயதும் அதுதான். இன்னொரு விந்தையும் உண்டு. கசந்த நினைவின் கசப்பு, இனித்த நினைவின் இனிப்பைவிட வேகமாகக் குறைகிறது. மூன்று மாதம் பேசாமல் இருந்த சண்டை இன்று சிரிப்பாக வரும். சைக்கிள் செயின் கழன்று சேர்ந்து நடந்த சாயங்காலம் அப்படியே தித்திக்கும்.

பழைய பள்ளித் தோழர் அனுப்பும் 'எப்படி இருக்கே?' என்ற ஒற்றை வரிக்கு நெஞ்சு படபடப்பது இதனால்தான். அந்தப் படபடப்பு பொய்யில்லை. ஆனால் அதை எழுப்புவது பதினைந்து வயது முகம். செய்தி அனுப்பியிருக்கும் நாற்பத்தைந்து வயது மனிதரை நமக்கு இன்னும் தெரியவே தெரியாது.

துணையோடு உறுதியாக இணைந்திருப்பவர்கள், கவர்ச்சியான வேறொருவரை மற்றவர்களைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 1989-இல் ஜான்சனும் ரஸ்புல்ட்டும் காட்டினார்கள். மனம் தன்னையறியாமல் போடும் காவல் இது. பள்ளித் தோழர் புதியவராக வருவதில்லையே! அந்தக் காவல் அவரைத் தடுக்காமலே விட்டுவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கலிபோர்னியாவில் நான்சி காலிஷ் 1993-இல் தொடங்கிய ஆய்வில், பழைய காதலோடு மீண்டும் சேர்ந்த 1,001 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் 72 விழுக்காட்டினர் ஆய்வின்போதும் சேர்ந்தே இருந்தார்கள். வேறு பந்தமில்லாத நிலையில் தேடிச் சென்றவர்களே அதில் அதிகம். இணையம் பரவிய பிறகு அவர் மறுபடி ஆராய்ந்தபோது, மணமானவர்கள் பெருகியிருந்தார்கள். பலர் நல்ல மணவாழ்க்கையில் இருந்தவர்கள். சும்மா நலம் விசாரிக்கப் போய்ச் சிக்கிக்கொண்டவர்கள். மணமானவர்கள் பழைய காதலைத் தேட வேண்டாம் என்று காலிஷ் வெளிப்படையாகவே எச்சரித்தார்.

அதற்காகப் பள்ளி நட்பையே விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்த பழைய அறிமுகமானவர்களிடம் நிர்வாகிகளை யோசனை கேட்கச் சொன்ன ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. இடைவெளியிலும் நம்பிக்கை தேயாமல் இருந்ததையும், புதிய யோசனைகள் கிடைத்ததையும் அது கண்டது. செய்தி வந்த அன்றே வீட்டில் சொல்லிவிடலாம். 'இப்ப எங்க இருக்காங்க? பிள்ளைங்க எத்தனை?' என்று அங்கே கேட்கப்படும் சாதாரணக் கேள்விகள், அந்தப் பதினைந்து வயது முகத்தோடு இன்றைய வயதையும் சேர்த்துவிடும்.