ராகு காலமும் கொல்கத்தா சூரியனும்

நம் வீடுகளில் பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த தினசரிக் காலண்டர்தான் தொங்குகிறது. எங்கள் வீட்டிலும் அப்படியே. 2012 ஜூன் நடுவில் ஒரு திங்கட்கிழமை, என் மகனுக்குக் காலை ஒன்பதரைக்கு நேர்முகத் தேர்வு. எட்டரைக்குப் படியிறங்கியவனை என் தாயார் நிறுத்திவிட்டார்.

"ஏழரையிலேர்ந்து ஒன்பது வரைக்கும் ராகு காலம்டா கண்ணா. ஒன்பது அடிக்கட்டும்."

நானும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதுக்குப் புறப்பட்டவன் நெரிசலில் சிக்கிப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தான். உள்ளே விடவில்லை.

அன்று மாலை பஞ்சாங்கமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். ராகு காலம் என்பது உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. காலண்டரில் அச்சிட்டிருப்பது, ஆறுக்கு உதயம், ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்ட பொதுக் கணக்கு. ஜூன் நடுவில் கொல்கத்தாவில் சுமார் 4.52-க்கே சூரியன் உதித்து, மாலை 6.22-க்கு மறைகிறது. பகல் பதின்மூன்றரை மணி. ஒரு பங்கு 101 நிமிடம். ஆக, இங்கே அன்று ராகு காலம் 6.33 முதல் 8.14 வரைதான். பையன் எட்டரைக்கு இறங்கியபோது அது முடிந்து கால் மணி ஆகியிருந்தது!

அதற்காகக் காலண்டரில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடாது. சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. சந்திரனின் வேகம் ஒரே சீராக இராததால், அது சுமார் 19 மணியிலும் முடியும், 26 மணிக்கு மேலும் நீளும். ஆனால் முடிகிற கணம் நாடு முழுவதற்கும் ஒன்றே. கடிகார மணியில் போட்டிருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நாழிகையில் போட்டிருந்தால்தான் வம்பு. அது உதயத்திலிருந்து எண்ணுவது. ஒரு நாழிகை 24 நிமிடம். சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கத்தில் ஜூனில் ஒரு திதி 10 நாழிகை என்றால், சென்னை உதயமான 5.43-உடன் நான்கு மணியைக் கூட்டி 9.43 என்று கொள்ள வேண்டும். நம் ஊர் உதயத்துடன் கூட்டினால் 51 நிமிடம் பிசகும். டிசம்பர் கடைசியில் இந்த வித்தியாசம் கால் மணி அளவுக்குச் சுருங்கிவிடும்.

உதய வேளையில் உள்ள திதியே அன்றைய திதி என்பது பொது வழக்கு. தசமி 5.20-க்கு முடிந்தால், அன்று காலை இங்கே தசமி, சென்னையில் ஏகாதசி. இரண்டும் சரியே.

1906-இல் இந்திய நேரம் வருமுன், நாட்டின் ரயில்கள் மதராஸ் நேரத்தில்தான் ஓடின. கல்கத்தா கடிகாரமோ அதைவிட 32 நிமிடம் முந்தியது. அன்றைய ஸ்டேஷன் மாஸ்டர்கள் பட்ட பாட்டை நாம் இப்போது காலண்டரோடு படுகிறோம்.

அம்மாவிடம் கணக்கைச் சொன்னேன். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த ஊர்ல ராகுவுக்கும் சீக்கிரம் விடியுமா? முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார்.

அதன்பின் ஞாயிறுதோறும் வரும் வாரத்துக்கான நேரங்களை நான் சொல்ல, காலண்டர் தாளில் அம்மாவே பென்சிலால் குறித்துக்கொண்டார்.