கடவுச்சொல்லின் ஜாதகம்

தம்முடைய மைத்துனர் வெகு காலத்துக்கு முன் வாங்கிப் பரணில் போட்டுவைத்திருந்த மடிக்கணினியை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தபோது அதில் ‘வாலட்.டாட்’ என்ற பெயருடைய கோப்பு ஒன்று கிடந்ததாகவும், அதன் கடவுச்சொல் மைத்துனருக்கு அடியோடு மறந்துபோய்விட்டதாகவும், எத்தகைய பிட்காயின் பூட்டையும் திறந்து தருவதாகச் சொல்லும் நிபுணர் ஒருவர் அதற்கு முன்பணம் கேட்பதாகவும், அதைக் கொடுக்கலாமா கூடாதா என்றும் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். கூடாது என்பது பதில். அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்தான், ஆனால் அவருடைய கடிதத்தின் முடிவில், ‘யாரோ ஒருவர் பத்து வருஷம் கழித்துத் திறந்துவிட்டாராமே, நம்மால் முடியாதா?’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார்த்திவிட்டது.

அவர் குறிப்பிடும் சம்பவம் 2024 மே மாதத்தில் உலகெங்கும் பிரசித்தமாயிற்று. ஐரோப்பாவில் வசிக்கும் ஒருவர் 2013இல் 43.6 பிட்காயின்களை ஒரு வாலட் கோப்பில் வைத்திருந்தார். அன்றைக்கு அவற்றின் மதிப்பு ஏறக்குறைய 5,300 டாலர். ரோபோஃபார்ம் என்னும் மென்பொருளைக் கொண்டு இருபது எழுத்து நீளமுள்ள ஒரு கடவுச்சொல்லை உண்டாக்கிக்கொண்ட அந்த மனிதர், அதை அந்த மென்பொருளிடமே ஒப்படைத்துவைத்தால் யாரேனும் கணிப்பொறிக்குள் புகுந்து கவர்ந்துவிடுவார்களோ என்ற அச்சத்தினால், ட்ரூகிரிப்ட் என்ற வேறொரு பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினார். பெட்டகக் கோப்பு கெட்டுப்போயிற்று. கடவுச்சொல்லும் அதனுடன் போயிற்று. திருடனுக்குப் பயந்து சாவியைக் கிணற்றில் போட்ட கதைதான். அவர் 2022இல் அணுகிய ஜோ கிராண்ட் சாமானியர் அல்லர். 1998இல் அமெரிக்க செனட் சபையின் முன் சாட்சி சொன்ன லாஃப்ட் என்னும் ஹேக்கர் குழுவில் ஒருவர். மின்னணுச் சாதனங்களைப் பிரித்து மேய்வதில் கைதேர்ந்தவர். இருந்தும், இதில் பிரிப்பதற்குச் சாதனமே இல்லையே என்று முதலில் மறுத்துவிட்டார். மறு ஆண்டு அந்த மனிதர் மீண்டும் கேட்டபோது, ஜெர்மனியில் இருந்த தம் நண்பர் ஒருவரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு இசைந்தார். 2023 நவம்பரில் கடவுச்சொல் கைக்கு வந்துவிட்டது.

பூட்டை உடைத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. உடைக்கவில்லை. அந்தக் கோப்பின் பூட்டு அன்றும் உடையவில்லை, இன்றும் உடையாது. ஆங்கில எழுத்துகளில் பெரியவையும் சிறியவையுமாக 52, இலக்கங்கள் 10, ஆக 62 குறிகளில் எதை வேண்டுமானாலும் இருபது இடங்களில் நிறுத்தலாமென்றால், அவ்வாறு எழுதக்கூடிய கடவுச்சொற்களின் எண்ணிக்கை 7ஐ எழுதி அதன் பின் 35 சுழிகளை இட்டால் வருவது. இதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதற்குப் பிரபஞ்சத்தின் வயது போதாது. கிராண்டும் நண்பரும் தேடியது கடவுச்சொல்லையே அன்று. அது பிறந்த நேரத்தை.

இங்கேதான் எனக்கு அலாதியான மகிழ்ச்சி தரும் விஷயம் வருகிறது. கணிப்பொறி கணக்குப் போடும் யந்திரமாதலால், ‘உனக்குத் தோன்றியதைச் சொல்’ என்றால் அதற்கு எதுவும் தோன்றுவதில்லை. ஆகையால் தோன்றியதுபோல் நடிப்பதற்கு ஒரு கணக்கைக் கொடுத்துவைத்திருக்கிறார்கள். வாசகர் ஒரு துண்டுக் காகிதத்தில் இதைச் செய்து பார்க்கலாம்: 7 என்று எழுதி, அதை ஐந்தால் பெருக்கி, மூன்றைக் கூட்டி, பதினாறால் வகுத்து, மிச்சத்தை எழுதுங்கள், வந்த எண்ணையே மறுபடியும் அவ்வாறே செய்யுங்கள். 6, 1, 8, 11, 10 என்று எண்கள் வந்து விழும். கணக்கு தெரியாதவன் பார்த்தால் பகடை உருட்டியது என்பான். கணக்கு தெரிந்தவனுக்கோ 7இலிருந்து தொடங்கிய மாத்திரத்திலேயே மற்ற யாவும் விதிக்கப்பட்டுவிட்டன. மென்பொருள்களில் இருக்கும் கணக்கு இதைவிடப் பன்மடங்கு பெரிது, அவ்வளவே. எனவே எல்லா ரகசியமும் அந்த முதல் எண்ணில், அதாவது வித்தில், போய் ஒடுங்குகிறது. அந்த வித்து எங்கிருந்து வரும்? அன்றைய ரோபோஃபார்மை எழுதியவர்கள் சுலபமான உபாயத்தைக் கையாண்டார்கள்: கணிப்பொறியின் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பயனர் பொத்தானை அழுத்திய கணத்தில் மணி என்னவோ, அதுவே வித்து.

இதைப் படித்தவுடன் எனக்கு ஜாதகம் ஞாபகத்துக்கு வந்தது. ஜனன காலத்தைச் சொன்னால் வாழ்க்கை முழுவதையும் சொல்வேன் என்று மனிதர் விஷயத்தில் ஜோதிடர் சொல்வதை நான் நம்புகிறவன் அல்லன். ஆனால் ஒரு கடவுச்சொல்லின் விஷயத்தில் அது அட்சரம் பிசகாத உண்மையாக இருக்கிறது. நீளம் எவ்வளவு, எந்தெந்த வகைக் குறிகள் சேர வேண்டும் என்பன அதன் குலமும் கோத்திரமும். பொத்தான் அழுந்திய விநாடி அதன் லக்னம். இரண்டும் தெரிந்துவிட்டால் இருபது எழுத்துகளும் வரிசைக்கிரமமாக வந்து நிற்கும். ஜோதிடருக்குப் பிறந்த ஊரும் வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம். ஒரே விநாடியில், ஒரே கோத்திரத்தில், சிக்காகோவில் ஒன்றும் சேலத்தில் ஒன்றுமாகப் பிறந்த இரண்டு கடவுச்சொற்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். இரட்டைப் பிள்ளைகளின் ஜாதகத்தைக் கண்டால் ஜோதிடர்கள் படும் சங்கடம் இந்தச் சாஸ்திரத்தில் கிடையாது. இன்னும் சொல்லப்போனால் இது வைத்தீசுவரன் கோயில் நாடி ஜோதிடத்தையே நெருங்குகிறது. அங்கே சுவடிக்காரர் ஒவ்வோர் ஏடாக எடுத்து ஒரு வாசகத்தைப் படிக்க, வந்தவர் ‘இல்லை’, ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டே போய், ‘ஆம்’ என்று சொல்லும் ஏடு அவருடையதாகிறது அல்லவா? இங்கே ஏடு விநாடிக்கு ஒன்று. வந்து உட்கார்ந்திருப்பது வாலட் கோப்பு. அதற்கு முகதாட்சண்யம் கிடையாது, சுவடிக்காரரின் பேச்சில் மயங்கித் தலையாட்டுவதும் கிடையாது. லட்சக்கணக்கான முறை ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு, ஒரே ஒருமுறை ‘ஆம்’ என்று சொல்லித் திறந்துகொள்ளும். உவமையை இழுக்கக்கூடிய தூரத்துக்கு மேலேயே இழுத்துவிட்டேன் என்பது எனக்கும் தெரிகிறது; ஆனாலும் விட மனம் வரவில்லை.

ஏடுகள் எத்தனை என்று பாருங்கள். அவ்விருவரும் தேடிய காலம் 2013 மார்ச் முதல் தேதியிலிருந்து ஜூன் முதல் தேதி வரை, 92 நாட்கள். நாளொன்றுக்கு 86,400 விநாடியாக, மொத்தம் 79,48,800. முப்பத்தைந்து சுழிகள் எங்கே, எண்பது லட்சத்துக்கும் குறைவான இந்தத் தொகை எங்கே! மென்பொருளின் பழைய பதிப்பைப் பிரித்துப் படித்து, கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்தால் அன்று பிறந்த சொல் இன்றும் பிறக்கிறது என்று இருவரும் கண்டுகொண்ட பிறகு, மிஞ்சியது கணிப்பொறியின் பொறுமையைப் பொறுத்த வேலைதான்.

ஆயினும் அது சுளுவாக முடிந்துவிடவில்லை. சங்கடம் வந்தது மனித ஞாபகத்தினால். கடவுச்சொல்லை என்றைக்கு உண்டாக்கினோம் என்பது உடைமைக்காரருக்கு நினைவில்லை. வாலட்டில் முதன்முதலாகப் பிட்காயின் வந்து சேர்ந்தது 2013 ஏப்ரல் 14 என்று பதிவுகள் காட்டியதால், அதை ஒட்டி மார்ச் 1 முதல் ஏப்ரல் 20 வரை தேடினார்கள். இல்லை. ஜூன் 1 வரை நீட்டினார்கள். அப்போதும் இல்லை. சரியான விநாடியைத் தாண்டிச் சென்றும் அது அகப்படவில்லை. ஏனெனில் கோத்திரத்தைத் தவறாகச் சொல்லியிருந்தார்கள். ஆச்சரியக்குறி, நட்சத்திரக்குறி முதலான விசேஷக் குறிகளும் சேர்ந்திருக்கும் என்று எண்ணித் தேடிக்கொண்டிருக்கையில், அதே ஆண்டில் அந்த மனிதர் உண்டாக்கிய வேறு சில கடவுச்சொற்கள் கிடைத்தன. அவற்றில் இரண்டில் அத்தகைய குறிகளே இல்லை. அவற்றை நீக்கிவிட்டுத் தேடியபோது ‘ஆம்’ வந்தது. ஜனன காலம்: 2013 மே 15, புதன்கிழமை, கிரீன்விச் நேரப்படி மாலை 4 மணி 10 நிமிஷம் 40 விநாடி. பணம் வந்து ஒரு மாதம் கழித்துத்தான் பூட்டுக்குச் சாவி பிறந்திருக்கிறது.

சரித்திரம் என்ற பெயருக்கு ஒரு பாரா எழுதியாக வேண்டும். கணக்கைக் கொண்டு தற்செயலை உண்டாக்க முயல்கிறவன் பாபம் செய்கிறான் என்று ஜான் வான் நாய்மன் 1951இலேயே பரிகாசம் செய்திருக்கிறார். நெட்ஸ்கேப் உலாவி தன் ரகசியச் சாவிகளுக்குக் கடிகாரத்தையும் அதையொத்த சில எளிய எண்களையுமே நம்பியிருந்ததைப் பெர்க்லி மாணவர் இருவர் 1995இல் அம்பலப்படுத்தினர். இவ்வளவும் நடந்த பின்னரும் ரோபோஃபார்ம் திருத்தப்பட்டது 2015 ஜூனில் வெளிவந்த 7.9.14 பதிப்பில்தான், அதுவும், கடவுச்சொற்களின் தற்செயல் தன்மை கூட்டப்பட்டிருக்கிறது என்று மாற்றக் குறிப்பில் ஒற்றை வரியோடு. முன்பு உண்டாக்கியவற்றை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அந்த வரி எவருக்கும் சொல்லவில்லை.

உடைமைக்காரனுக்கு வழிவிடும் பலவீனம் திருடனுக்கும் வழிவிடும் என்பதைப் பத்திரிகைகள் அவ்வளவு உற்சாகமாக எழுதவில்லை. அதே 2023ஆம் ஆண்டு ஜூலையில், லிப்பிட்காயின் என்ற கருவியைக் கொண்டு வாலட் உண்டாக்கியவர்கள் சிலரின் பணம் ஒரே நாளில் மறைந்தது. அந்தக் கருவியும் வித்துக்குக் கடிகாரத்தைத்தான் பார்த்தது. வித்து 32 பிட் மட்டுமே ஆகையால் மொத்த ஏடுகள் 4,29,49,67,296. சாதாரணக் கணிப்பொறிக்கே அது பெரிய சுமை அன்று. கடிகாரத்தைச் சுழியில் நிறுத்திப் பார்த்தால் அது தரும் மீட்புச் சொற்கள் ‘மில்க் சாட்’ என்று ஆரம்பிப்பதால், ஆராய்ந்தவர்கள் அந்தக் குறைக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். சோகமான பால்!

இனி மைத்துனரின் கோப்புக்கு வருவோம். வாலட்.டாட் என்பது பிட்காயின் கோர் மென்பொருளின் கோப்பு. அதில் பூட்டும் வசதியே 2011இல்தான் வந்தது. பூட்டியிருந்தால், கடவுச்சொல்லைக் குறைந்தது 25,000 முறை திரும்பத் திரும்ப அரைத்துத்தான் சாவியாக்குகிறது. ஒவ்வோர் ஊகத்துக்கும் அத்தனை அரைப்பையும் செய்தாக வேண்டுமாதலால் தேடுகிறவனின் வேகம் மட்டுப்படுகிறது. அங்கே கடிகாரமும் இல்லை, ஜாதகமும் இல்லை, ஏனென்றால் அந்தச் சொல் மைத்துனரின் சித்தத்தில் பிறந்தது.

நிபுணரிடம் கொடுத்தே தீருவதென்றால், முழுக் கோப்பையும் கொடுப்பது மூடத்தனம். கோப்பினுள் இருக்கும் மூலச்சாவி 32 பைட். பூட்டிய நிலையில் 48 பைட். மிகுதிப் பதினாறும், பெட்டியில் இடைவெளி தெரியாமலிருக்க வைக்கோல் திணிப்பதைப் போல, 16 என்ற ஒரே எண்ணைப் பதினாறு தடவை திணித்தது. பூட்டிய உருவின் கடைசி 32 பைட்டும் உடனிருக்கும் சில்லறை விவரங்களும் இருந்தால், வைக்கோல் வைக்கோலாக வெளிவருகிறதா என்பதைக் கொண்டே ஊகித்த கடவுச்சொல் சரியா தவறா என்று தீர்மானித்துவிடலாம். மூலச்சாவியின் ஒரு பைட்கூட அந்தத் துண்டிலிருந்து வெளிவராது. கடவுச்சொல்லை அவர் கண்டுபிடிக்கலாம். கோப்பு உங்கள் வீட்டில் இருக்கும். இந்தத் துண்டு போதாது, முழுக் கோப்பும் முன்பணமும் வேண்டும் என்கிறவர் எதைத் தேடுகிறார் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

அதைக்காட்டிலும் மைத்துனரையே ஒரு சாயங்காலம் காப்பி கொடுத்து உட்காரவைத்து, அந்தக் காலத்து வண்டி எண், குலதெய்வத்தின் பெயர், வழக்கமாகக் கடைசியில் சேர்க்கும் இலக்கங்கள், தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுகையில் ‘ழ’கரத்துக்கு அவர் எந்த எழுத்தைப் போடுவார் என்பன வரையில் எழுதி வாங்குவது மேல். முப்பத்தைந்து சுழிகளைச் சில லட்சங்களாகக் குறைக்கும் வித்தை அந்த உரையாடலில்தான் இருக்கிறது.

ஆனால் இவை யாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அந்தக் கோப்பில் பூட்டப்படுவது ரகசியச் சாவிகள் மட்டுமே, முகவரிகள் பூட்டப்படுவதில்லை. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்பது ஊரறியத் திறந்துகிடக்கும் பேரேட்டில் எழுதப்பட்டிருப்பதால், கடவுச்சொல் இல்லாமலேயே பார்த்துவிடலாம். இதை முதலில் பாருங்கள். சூன்யம் என்று வந்தால் காப்பிச் செலவும் மிச்சம்.