ஜப்பானில் ஆங்கில ஆசிரியப் பணி



ஓய்வு பெற்ற தலைமையாசிரியனைத் தேடிப் பழைய மாணவர்கள் வருகிறார்கள் என்றால், அது பெரும்பாலும் ஒரு நற்சான்றுக் கடிதத்துக்காகத்தான் இருக்கும். சென்ற ஆண்டுக் கோடையில் ஒரே வாரத்தில் அப்படி இருவர் வந்தனர். இருவரும் என் பள்ளியில் பயின்றவர்கள். இருவருக்கும் ஜப்பான் சென்று ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்ற ஆசை. இளைஞர் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டமும், அதன்மேல் பி.எட். பட்டமும் பெற்றவர், வகுப்பறையில் நின்று பழகியவர். அந்தப் பெண்ணோ வணிகவியல் பட்டதாரி. சுண்ணக்கட்டியைக் கையால் தொட்டதில்லை. ஆயினும் ஜப்பானியப் பள்ளிக்கூடத்தின் வாயில் அந்தப் பெண்ணுக்குத்தான் திறந்திருந்தது, இளைஞருக்குத் திறக்கவில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்றவனாகிய எனக்கு இது முதலில் விளங்கவே இல்லை. விதிகளைப் படித்த பிறகே விளங்கிற்று.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த முன்னோடிகளுள் ஒருவருக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. ரானல்ட் மக்டொனால்ட் என்பது அவர் பெயர். அந்நாடு அயலாருக்குக் கதவடைத்திருந்த காலத்தில், 1848-இல், ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து சிறு படகில் இறங்கி, கப்பல் சேதத்தில் தப்பியவர்போல் நடித்துக் கரையேறினார். பிடித்து நாகசாகி நகரில் காவலில் வைத்தார்கள். காவலில் இருந்தபடியே 14 மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அவர்களுள் ஒருவரான மோரியாமா எய்னோசுகே, 1854-இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரியோடு நடந்த பேச்சில் துபாஷியாக இருந்தார். அக்காலத்துக்கு அது போதும். இன்று படகில் இறங்கினால் பாடம் நடத்த விடமாட்டார்கள், காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதங்களுள் முதன்மையானது பல்கலைக்கழகப் பட்டம். அது எந்தத் துறையிலும் இருக்கலாம். பள்ளிகளுக்கு வரும் அயல்நாட்டார் பெரும்பாலும் துணை ஆசிரியர்களே. உரிமம் பெற்ற ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் நின்று இவர்கள் மொழியைப் பேசிக் காட்டுவார்கள். 1987-இல் தொடங்கப்பெற்ற 'ஜெட்' என்னும் அரசாங்கத் திட்டம் இத்தகையோரை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுக்கிறது. ஐந்தாண்டு வரை நீட்டிக்க இடமுண்டு. 2020 முதல் தொடக்கப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளிலும் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. ஆகவே துணை ஆசிரியரின் வேலை சிறு பிள்ளைகளிடமும் சென்றிருக்கிறது. இவ்வேலைக்கு பி.எட். கட்டாயமன்று. நான் அதை நினைத்து வருந்தியதுண்டு. வருந்தி என்ன பயன்?

கட்டாயமாக இருப்பது வேறொன்று. பள்ளியில் பணிபுரிவோருக்கு ஜப்பானியக் குடியேற்றச் சட்டம் தரும் தங்கும் தகுதிக்கு 'கல்வி' என்று பெயர். இவ்வாறு துணை ஆசிரியராக அயல்மொழி கற்பிக்க வருபவர், அம்மொழியின் வாயிலாகவே 12 ஆண்டுகளுக்குக் குறையாமல் கல்வி கற்றிருக்க வேண்டும். அம்மொழியை ஒரு பாடமாகப் படித்தது கணக்கில் வராது. கணக்கையும் வரலாற்றையும் அம்மொழியில் படித்திருக்க வேண்டும். அந்தப் பெண் முதல் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் பயின்றவர். இளைஞர் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழ் வழி. பி.ஏ. மூன்று ஆண்டு, எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு என்று விரல்விட்டு எண்ணினோம். ஏழுக்கு மேல் போகவில்லை.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "ஐயா, தங்கள் கடிதத்தில் 'எங்கள் பள்ளியில் ஆங்கில வழியில் பயின்றவர்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்" என்றார். அவரைத் தமிழ் வழியில் சேர்க்கும்படி அவருடைய தந்தையாரிடம் வற்புறுத்தியவனே நான்தான். தாய்மொழியில் கற்ற பிள்ளை எங்கும் தாழ்ந்து போகமாட்டான் என்று அன்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு இப்போது என் முற்றத்தில் வந்து நிற்கிறது. அந்த வரியை நான் எழுதவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கமும் வரவில்லை.

மறுநாள் இருவருமாக விதிகளை மீண்டும் படித்தோம். பள்ளிக்கூடம் ஒரு வாயில்தான். வேறொரு வாயிலும் உண்டு. மாலையிலும் விடுமுறை நாளிலும் பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஆங்கிலப் பேச்சு பழக்கும் தனியார் நிலையங்கள் ஜப்பானின் நகரங்களில் நிறைய உள்ளன. அவற்றில் பணிபுரிவோருக்குரிய தங்கும் தகுதி வேறு. மனித இயல் அறிவும் பன்னாட்டுப் பணியும் என்ற பிரிவின்கீழ் வருவது. அதற்குப் பன்னிரண்டாண்டு விதி கிடையாது. அப்பிரிவில் சில பணிகளுக்கு மூன்றாண்டு அனுபவம் கேட்கிறார்கள். மொழி கற்பிக்கும் பட்டதாரிக்கு அதிலும் விலக்கு உண்டு. விளம்பரங்களில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே வேண்டும் என்று பல நிலையங்கள் எழுதுகின்றன. அது அவர்களுடைய விருப்பம். குடியேற்றச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்பதை நான் ஒப்புவதில்லை. அத்தகையவருள் மிகச் சிறந்த ஒருவரையே சான்றாகக் காட்டுகிறேன். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924-இல் ஓயிட்டா என்னும் ஊரில் இலக்கியம் கற்பிக்கச் சென்றார். மாணவர்களுக்கு உடனே வேண்டியது இலக்கியமன்று, மொழியே என்று அங்கே உணர்ந்தார். அவர்கள் எங்கெங்கே இடறுகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார். எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணலாகாது, எந்த வினைச்சொல் எவ்வித வாக்கியத்தில் அமையும் என்றெல்லாம் குறித்து, தோழர் இருவரோடு ஓர் அகராதி தொகுத்தார். அது 1942-இல் தோக்கியோவில் அச்சாயிற்று. 1948-இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் அதை மறுபதிப்பிட்டது. உங்கள் கல்லூரி நூலகத்தில் மாணவர்களுக்கான ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இருக்குமானால், அதன் மூதாதை ஜப்பானிய வகுப்பறையில் பிறந்தது. ஆங்கிலேயருக்குத் தம் மொழியில் இவை எவையும் இடறா. இடறுகிறவரைக் கவனித்த பிறகே ஹார்ன்பிக்கும் புலப்பட்டன. நமக்கோ அந்த இடறல் சொந்த அனுபவம். ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் ஒட்டிக்கொள்ளும் 'a', 'the' போன்ற சுட்டிடைச்சொற்கள் அம்மொழியிலும் இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் தவறும் பல இடங்களில் அவர்களும் தவறுகிறார்கள்.

புறப்படுவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். வேலை தரும் நிலையமே ஜப்பானியக் குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தகுதிச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அதன் ஆயுள் மூன்று மாதம். அதைக் காட்டித்தான் சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் வழியாக விசா பெறலாம். சுற்றுலா விசாவில் சென்று கற்பிப்பது குற்றம். 'போய்ச் சேர், பிறகு பார்க்கலாம்' என்னும் தரகரை வாசற்படியிலேயே திருப்பி அனுப்புங்கள். குடியமர்ந்த 14 நாளுக்குள் ஊராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீடு பிடிக்கும்போது முன்பணத்தோடு, திரும்பக் கிடைக்காத 'நன்றிப் பணம்' ஒன்றையும் பல வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். முதற்சம்பளம் வரும் வரையில் கைச்செலவுக்குக் கொண்டு போவது நலம்.

இளைஞருக்கு உள்ளதை உள்ளபடி கடிதம் எழுதிக் கொடுத்தேன்; தமிழ் வழியில் பயின்றவர் என்பதையும் சேர்த்தே எழுதினேன். மூன்று நிலையங்கள் பதில் எழுதவில்லை, நான்காவது எடுத்துக்கொண்டது. சென்ற மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகள், நாம் 'ர' என்றும் 'ல' என்றும் எழுதுபவை, அவருடைய மாணவர்களின் காதில் ஒன்றாகவே விழுகின்றனவாம். ஏழாம் வகுப்பில் ல, ள, ழ பழக்குவதற்கு நான் கரும்பலகையில் எழுதிய இணைச்சொற் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறதா, இருந்தால் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். பரணிலிருந்த பழைய குறிப்பேட்டில் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறேன்.