பரணில் கிடைத்த கைத்துப்பாக்கி... சுட்டுப் பார்க்கலாமா?

அலங்காநல்லூர்க்காரர்களுக்குக் கரிமருந்து வாசனை புதிதல்ல. திருவிழாவில் வேட்டுச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த ஊரில் நண்பர் ஒருவர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, தகரப் பெட்டிக்குள் ஒரு சாண் நீளத்தில் பழைய கைத்துப்பாக்கி கிடைத்தது. குழலின் வாயில் சுண்டு விரல்கூட நுழையவில்லை.

"குட்டித் துப்பாக்கிதானே மாப்ள, தோட்டத்துல வச்சு ஒரு தடவை சுட்டுப் பார்ப்போமா?" என்றார்.

நல்லவேளை, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அவரது சித்தப்பா திண்ணையில் இருந்தார். "முதல்ல அதைக் கீழ வைடா!" என்றவர், ஒரு மெல்லிய குச்சியைக் குழலுக்கு வெளியே வைத்து நீளத்தை அளந்துகொண்டார். பிறகு அதே குச்சியை உள்ளே விட்டார். அடி வரை போக வேண்டிய குச்சி, இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. துருவாக இருக்கலாம். எந்தக் காலத்திலோ யாரோ கெட்டித்து வைத்த மருந்தும் குண்டுமாகவும் இருக்கலாம். ஈரம் படாத கரிமருந்து நூறு வருடம் கழித்தும் வெடிக்கும்!

வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. கரிமருந்து என்பது அவ்வளவுதான். மதுரைக் கோட்டையில் 1763-64ல் மருதநாயகம் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றபோது இரு தரப்பும் சுட்டது இந்த மருந்தை வைத்துத்தான்.

இப்படி வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கு இன்றும் உலகப் போட்டி நடக்கிறது. கைத்துப்பாக்கிக்கு 25 மீட்டர் தூரம். 30 நிமிடத்தில் 13 முறை சுடலாம். சிறந்த 10 கணக்கில் சேரும். அவசரமே கிடையாது, அவசரப்படவும் கூடாது. ஒவ்வொரு முறையும் மருந்தைத் தனியாக அளந்துதான் போட வேண்டும். மருந்துக் குப்பியில் இருந்து நேராகக் கொட்டினால், குழலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொறி போதும், குப்பியே கையில் வெடித்துவிடும். குண்டு மருந்தோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குழல் பிளக்கலாம். இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தைப் போட்டாலும் அதே கதிதான். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? எட்டிப் பார்க்கக் கூடாது. வாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றுவதும் உண்டு.

குழலின் பலத்தைச் சோதிப்பது தனி வேலை. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு, ஆள் தள்ளி நின்று வெடிக்கவைத்துப் பார்ப்பார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் இதற்கென்றே 1813ல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். தோட்டத்துக் கிணற்றடியில் செய்கிற காரியமா இது?

சட்டம் இன்னும் சுவாரஸ்யம். 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45வது பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு விலக்கு தருகிறது. அதாவது, நண்பர் ஆசைப்பட்டபடி அது சுட்டுவிட்டால், அந்த நிமிடமே அவர் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குச் சொந்தக்காரர்! 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

"நானே ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்று நண்பர் பைக் சாவியை எடுத்தார். சித்தப்பா சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனைக் கையில் கொடுத்தார். போலீஸ் வரும்வரை துப்பாக்கி, வாய் சுவரைப் பார்த்தபடி மாடில்லாத தொழுவத்தில் கிடந்தது. பிள்ளைகள் பக்கத்து வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள்.